பாய்க்குப் போ, வாட்ச்மேன்

மிஸ் தன் அக்காவின் வீட்டுக்குள் நுழைந்தபோது வாட்ச்மேன் பாயில் படுத்திருந்தான். நாய் பாயில் படுப்பதில் தப்பொன்றும் இல்லை. அதற்காகத்தானே வாரக்கணக்கில் அவள் மாடாய் உழைத்திருந்தாள். ஆனால் யாரும் சொல்லாமல் இவன் ஒருநாளும் பாய்க்குப் போனதில்லை. அதோடு, எதையோ தின்று இப்போதுதான் விழுங்கினவன் மாதிரி நாக்கைச் சுழற்றி மூக்கை நக்கிக்கொண்டு வேறு இருந்தான்.

"இவனை யாருக்கா பாய்க்கு அனுப்பினது?"

அக்கா கண்ணாடி முன்னால் நின்று கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், சாயங்கால ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம். பல்லில் கடித்திருந்த ஊசியை எடுக்காமலே, "நீதான்," என்றாள்.

"நானா? நான் இப்பத்தானே வரேன்."

"வாசல்ல செருப்பு கழட்டும்போது நாக்கைச் சொடுக்கினியே. அந்தச் சத்தம் கேட்டதும் ஐயா எழுந்து போய்ப் படுத்துட்டாரு. பரவாயில்லடி, நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கே."

மிஸ் செருப்பு கழற்றவே இல்லை. மழையில் குடை மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால், அதோடு மல்லுக்கட்டிவிட்டு நேராக உள்ளே வந்திருந்தாள். காலைக் குனிந்து பார்த்தாள். செருப்பு காலிலேயே இருந்தது, சுற்றிலும் தண்ணீர் சொட்டியிருந்தது.

"அப்போ வாண்டுதான் பண்ணியிருப்பா," என்றாள்.

சாப்பாட்டு மேஜையில் கலர் பென்சில்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த வாண்டு, அக்காவின் ஒரே மகள், ஒண்ணாம் கிளாஸ் படிப்பவள், தலையை நிமிர்த்தினாள். "நான் இல்ல சித்தி. எனக்குத்தான் அது வரவே மாட்டேங்குதே. பாருங்க." உதட்டைக் குவித்து, கன்னத்தை உப்பி, நாக்கை இழுத்து விட்டாள். எச்சில்தான் தெறித்தது. முன்பல் இரண்டும் விழுந்த வாய். அக்கா சிரித்த சிரிப்பில் கொண்டை ஊசி கீழே விழுந்தது.

"வந்துச்சுன்னா முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன் சித்தி," என்றாள் வாண்டு.

"சொல்லுடி என் தங்கம்," என்று மிஸ்ஸும் சிரித்தாள். ஓட்டில் விழும் மழைச் சத்தத்தில் எது எது மாதிரியோதான் கேட்கும் என்று அப்போதைக்கு வைத்துக்கொண்டாள்.

வாட்ச்மேனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மிஸ்ஸுக்கு வேலை தெருநாய்க் காப்பகத்தில். அடிபட்டது, விரட்டப்பட்டது, வேண்டாமென்று விட்டது எல்லாம் அங்கே வந்து சேரும். அவற்றுக்கு உட்காரவும் நிற்கவும் மனிதர்களை நம்பவும் சொல்லிக் கொடுத்து, ஒரு வீடு பார்த்துக் கொடுப்பது அவள் பாடு. அதனால் 'நாய் மிஸ்' என்று பேர். வாட்ச்மேன் காப்பகத்தில் இருக்கும்வரை தங்கக் கட்டி. நாலு பக்கமும் கம்பி வலை போட்ட கூண்டில் சத்தமில்லாமல் இருப்பான், குட்டிகள் காதைக் கடித்தாலும் பொறுத்துக்கொள்வான். ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டால்தான் வம்பு. போன அன்றே அந்த வீட்டில் சாத்திக் கிடக்கும் ஒரு கதவைத் தேடிப் பிடிப்பான். எல்லாக் கதவையும் அல்ல, ஒரே ஒரு கதவை. அதற்கு முன்னால் போய், அடியில் இருக்கும் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பான். பிடரியிலிருந்து வால்வரை மயிர் குத்திட்டு நிற்கும். குரைக்க மாட்டான், உறும மாட்டான், தின்ன மாட்டான், தூங்க மாட்டான். யாராவது கதவுப் பக்கம் வந்தால் துணியின் ஓரத்தைக் கவ்விப் பின்னால் இழுப்பான். பல் மட்டும் யார் மேலும் படாது, இதுவரை ஒரு கீறல் கிடையாது.

கீறல் இல்லையென்றால் ஆயிற்றா? சொந்த வீட்டில் ஒரு அறைக்குள் போக நாயிடம் அனுமதி வாங்க எந்த மனுஷனுக்குத்தான் பொறுமை இருக்கும். முதலில் ஒரு டெய்லரும் அவர் வீட்டுக்காரியும் கொண்டுபோனார்கள், திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிறகு ஒரு பஸ் டிரைவர் வீடு. பிறகு புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அவர்கள் விடிந்ததும் விடியாததுமாகக் காப்பகத்துக் கேட்டில் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள்.

காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாயைக் கொடுத்த வீட்டுக்கு ஓயாமல் போன் போட்டு, சாப்பிடுகிறதா, தூங்குகிறதா என்று பிடுங்கி எடுப்பார்கள். திருப்பிக் கொடுத்த வீட்டுக்கு யாரும் போன் போட மாட்டார்கள். அவர்களுக்கு வெட்கம், இவர்களுக்குக் கோபம், பேச என்ன இருக்கிறது. அந்த டெய்லரும் டிரைவரும் ஜோடியும் அதற்கப்புறம் எப்படி இருக்கிறார்கள் என்று காப்பகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"இன்னொரு தடவை இவன் திரும்பி வந்தா என்னைக் கேக்காதீங்க மிஸ்," என்று காப்பகத்து டாக்டர் சொல்லியிருந்தார். "கூண்டு இல்ல. வீட்டுக்கு லாயக்கில்லாத நாயை எத்தனை நாளைக்கு வச்சுக்க முடியும்?" ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. அன்று மிஸ் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஏனோ இந்த நாய் மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம்.

குட்டியில் யாரோ இவனை ஓர் அறையில் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும், அந்தப் பயம்தான் இது என்பது அவள் கட்சி. டாக்டரும் தலையாட்டினார். பயத்துக்கு மருந்து பழக்கம். மிஸ் அக்கா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். மாமா கப்பலில் வேலை, வந்தால் உண்டு. பிள்ளை தனியாக இருக்கிறது, ஒரு நாய் இருந்தால் துணையாக இருக்கும் என்றெல்லாம் சொல்லிச் சம்மதிக்க வைத்தாள். இந்த வீட்டிலும் அவன் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டான். நடையின் கடைசியில் இருந்த சின்ன அறைக் கதவு. உள்ளே மாமாவின் பெட்டிகள், மடக்குக் கட்டில், இறக்கையில்லாத மின்விசிறி. யாரும் போவதில்லை. மழைக்கு ஊறிப் பலகை இறுகிக்கொண்ட கதவு, தோளால் இடித்தால்தான் வழிவிடும், வழிவிடும்போது ஒரு கிறீச்சு.

அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுதான் பாடம் நடந்தது. அவள் முறை எளிமையானது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்து விடுவாள். ட்ளக். அந்தச் சத்தம் கேட்டதும் கதவை விட்டுவிட்டு, வாசற்கதவை ஒட்டிப் போட்டிருக்கும் பாய்க்குப் போய்ப் படுக்க வேண்டும். படுத்தால் இடுப்புப் பையிலிருந்து ஒரு கோழித் துண்டு. முதலில் பக்கத்தில் நின்று சொடுக்கினாள். பிறகு கூடத்திலிருந்து, பிறகு சமையலறையிலிருந்து. நூறு தடவையா ஆயிரம் தடவையா, யார் எண்ணினார்கள். ஆரம்பத்தில் அவன் பாய்க்குப் பின்னோக்கி நடந்தே போவான், முகத்தைக் கதவிலிருந்து திருப்பாமல். போய்ப் படுத்த பிறகு அவளை ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. அடம் என்று சொல்லிக்கொண்டாள். ஒருநாள் அந்தப் பார்வையும் நின்றுபோனது. சத்தம் கேட்டால் எழுந்தான், வாலாட்டினான், போனான். அன்று அவள் காப்பகம் முழுக்க மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

இதுவரை பாடம் முடிந்ததும் அவனைக் காப்பகத்துக்கே கூட்டிப்போய்விடுவாள்; இன்றுதான் அவன் நிரந்தரமாக இந்த வீட்டில் தங்கும் முதல் ராத்திரி. 'வாட்ச்மேனுக்கு வீடு கிடைச்சாச்சு' என்று போட்டோவோடு மத்தியானமே, நாய் வாங்கினவர்கள் எல்லோரும் இருக்கும் காப்பகத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டிருந்தாள்.

"நாய் என் பிள்ளையைப் பாத்துக்குமா, இல்ல என் பிள்ளை நாயைப் பாத்துக்கணுமா?" என்று அக்கா வாசலில் குடையை விரித்தபடி கேட்டாள்.

"ரெண்டு பேரையும் நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு."

"உன்னை நம்பித்தாண்டி விட்டுட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு அக்கா மழைக்குள் இறங்கிப் போனாள். மிஸ் வாசற்கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளை எக்கிப் போட்டாள்.

மழை நாளில் சீக்கிரமே இருட்டிவிட்டது. கூடத்தில் ஒரு குழல்விளக்கு, மேஜைக்கு மேலே ஒரு குண்டு பல்பு, நடைக்கு விளக்கே கிடையாது; கூடத்து வெளிச்சம் போய் விழுந்த மட்டும்தான், அதற்கப்பால் சின்ன அறைக் கதவு சுவரோடு சுவராகக் கறுத்துக் கிடந்தது. ஓட்டில் மழை, கூரைக் குழாயில் தண்ணீர் விழுந்து வாளியை நிரப்பும் சத்தம், வாண்டுவின் பென்சில் தாளில் தேயும் சத்தம், நாயின் மூச்சு, சமையலறையில் எங்கோ ஒரு பாத்திரம் தானாக உட்காரும் சத்தம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன. மிஸ் நாயின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் தலையைத் தடவினாள். பாயில், அவன் வாய்க்கு நேராக, ஈரக் கறை ஒன்று இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள். கோழி வாசனை இல்லை. வாளியில் நனைத்துப் போட்டு நாள்கணக்கில் மறந்துவிட்ட துணியின் வாடை, அதோடு சுண்ணாம்புச் சுவரின் ஈரம்.

"வாண்டு, இவனுக்கு நீ ஏதாவது தின்னக் கொடுத்தியா?"

"இல்லையே."

"பொய் சொன்னா சித்திக்குப் பிடிக்காது."

"நிஜமா இல்ல சித்தி. நான் படம் வரையறேன் பாருங்க."

பிள்ளை பொய் சொல்கிற முகமாக இல்லை. மிஸ் விரலைத் துப்பட்டாவில் துடைத்தாள். வாடை போகவில்லை. குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

பெயர் இல்லாத எண். எடுத்தாள். முதலில் தையல் மெஷின் ஓடும் சத்தம்தான் கேட்டது.

"நாய் மிஸ்தானே?" ஆண் குரல், மெதுவாக, பக்கத்தில் யாரோ தூங்குவது போல. "நான் டெய்லர் பேசறேன். உங்ககிட்ட அந்த நாயை வாங்கிட்டுப் போயி திருப்பி விட்டேனே, அந்த டெய்லர்."

"சொல்லுங்கண்ணே. நல்லா இருக்கீங்களா? வீட்ல அக்கா நல்லா இருக்காங்களா?"

டெய்லர் நேராக விஷயத்துக்கு வந்தார். "போட்டோ பாத்தேன். வீடு கிடைச்சுருச்சுன்னு போட்டிருந்தீங்க. அதுல அவன் பாய்ல படுத்திருக்கான்."

"ஆமாண்ணே. இப்பல்லாம் கதவுகிட்ட நிக்கறதே இல்ல. சரி பண்ணிட்டேன்."

மெஷின் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

"யாரும்மா உன்னைச் சரி பண்ணச் சொன்னது?" என்றார் டெய்லர்.

அவளுக்குச் சுருக்கென்றது. நாயைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனவர் இப்போது கேள்வி கேட்க வந்துவிட்டார். "என்னண்ணே இப்படிப் பேசறீங்க. கதவை மறிக்கிறான்னு நீங்கதானே திருப்பிக் கொடுத்தீங்க?"

"நான்தான். வேற யாரும் இல்ல, நான்தான்." மூச்சு விட்டார். "மிஸ்ஸு, இந்த மெஷின் சத்தம் உனக்குக் கேக்குதா?"

"கேக்குதே. தைச்சுக்கிட்டே பேசறீங்க."

"மெஷின் என் முன்னாலதான் இருக்கு. மூடி போட்டு மூடி வச்சிருக்கேன். சத்தம் உள்ரூம்லேருந்து வருது. அந்த ரூம்ல மெஷின் கிடையாது. நாயைக் கொண்டுபோய் விட்ட மறுநாளே ஆரம்பிச்சுருச்சு. வெளியில என் மெஷினைக் கேட்டுக் கேட்டுத்தானே உள்ள இருக்கறது கத்துக்கிட்டு இருந்திருக்கு. என் வீட்டுக்காரி, யாருடா உள்ள உக்காந்து தைக்கிறதுன்னு பாக்கப் போனா."

மிஸ்ஸுக்குக் கழுவின கை காயவில்லை. தண்ணீர் முழங்கை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"போயி?"

"போனவ வரல. அவன் இருந்தவரைக்கும் அவன் நின்னான். இப்ப அந்தக் கதவுக்கு முன்னால நான் உக்காந்திருக்கேன்," என்றார் டெய்லர். "அவனைத் திரும்பக் கொண்டுபோய்க் கதவுகிட்ட நிறுத்தும்மா. எல்லா வீட்லயும் இருக்கோ, அவன் போற வீட்ல மட்டும் இருக்கோ, எனக்குத் தெரியாது. நான் தையக்காரன். நிறுத்து, அவ்வளவுதான்."

பேச்சு நின்ற பிறகும் மெஷின் ஓடுவது கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தொடர்பு அறுந்தது.

மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது, பாவம், பெண்டாட்டி போன துக்கம் என்று அவள் நினைக்கப் பார்த்தாள். நினைக்க நினைக்க வேறொன்று மேலே வந்தது. இதே வீட்டில், இதே நடையில், அந்தக் கதவைப் பார்த்து நின்றுகொண்டு, வாரக்கணக்காக அவள் சொடுக்கின சொடுக்கு. பாடம் நாய்க்குத்தான். ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த நாய்க்கு எவ்வளவு கேட்டதோ, அவ்வளவும் அந்தப் பக்கத்துக்கும் கேட்டிருக்கும். அவள் செருப்பே கழற்றாதபோது அக்காவுக்குக் கேட்ட அந்தச் சத்தம் வாசலிலிருந்து வந்ததல்ல.

கூடத்துக்கு ஓடினாள். வாண்டு மேஜையில்தான் இருந்தாள். நாய் பாயில்தான் இருந்தான். சின்ன அறைக் கதவு சாத்தித்தான் இருந்தது. ஒன்றும் ஆகிவிடவில்லை என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"வாண்டு, எழுந்திரு கண்ணு. அம்மாகிட்ட போலாம்."

"ஆஸ்பத்திரிக்கா? அம்மா திட்டுவாங்க."

"திட்டட்டும். எழுந்திரு."

"மழை பெய்யுதே சித்தி."

"பெய்யட்டும்னு சொல்றேன்ல."

குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளை பென்சிலைக் கீழே வைத்து அவளையே பார்த்தாள். மிஸ் குனிந்து நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்தாள். பிள்ளையைக் கிளப்பி, செருப்பு மாட்டி, தாழ்ப்பாள் எடுத்து வெளியே போகும்வரை அவன் அங்கே நின்றால் போதும். பிறகு அவனையும் ஒரு கூப்பிடு கூப்பிட்டுக்கொண்டு ஓடிவிடலாம்.

"வாடா. கதவுகிட்ட போ. போடா என் ராஜா."

அவன் அசையவில்லை. வாலாட்டினான். பாயில் இருக்கச் சொன்ன நாய், விடுவிக்காமல் எழுந்திருக்கக் கூடாது, அதுவும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். பட்டையைப் பிடித்து இழுத்தாள். நாலு காலையும் ஊன்றிக்கொண்டான். தரதரவென்று தரையில் இழுத்துக்கொண்டே கூடத்தைக் கடந்தாள், நகங்கள் தரையைக் கீறின. நடைக்குள் வந்ததும் அவன் தானாக எழுந்து நின்றான். மூக்கு ஒருமுறை துடித்தது. பிடரியில் மயிர் ஒவ்வொன்றாக எழுந்தது. இரண்டு எட்டில் கதவுக்குப் போனான். அடி இடுக்கில் மூக்கை வைத்தான். முதுகு இறுகியது. பழைய வாட்ச்மேன். அவள் கழற்றி எறிந்த வேலையை அவன் மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டான்.

மிஸ்ஸுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவ்வளவு நாளும் இவனுக்கு வீடு தேடினோமே, எந்த வீட்டில் விட்டாலும் இவன் அந்த வீட்டைக் காத்தானே, நாம் அல்லவா போகிற இடமெல்லாம் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தோம் என்று நினைத்தாள். "மன்னிச்சுருடா," என்று அவன் முதுகில் கை வைத்தாள். கைக்குக் கீழே அவன் உடம்பு கம்பி மாதிரி நின்றது. கதவின் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மழைகூடக் கொஞ்சம் ஓய்ந்தது போலிருந்தது.

"சித்தி, என் மழைக்கோட்டு அங்கதான் மாட்டியிருக்கு," என்று வாண்டு நடைக்கு வந்தாள்.

சுவரில், கதவுக்கு ஓர் எட்டு தள்ளி, ஆணியில் மஞ்சள் கோட்டு தொங்கியது. "நீ வராத, நான் எடுத்துத் தரேன்," என்று மிஸ் கையை நீட்டினாள்.

விளக்கு போனது.

கூடம், மேஜை, தெரு, எல்லாம் ஒரே நேரத்தில் இருட்டாகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டி ஒரு முனகலோடு அடங்கியது. மிஸ் நீட்டின கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். நாயின் மூச்சு கேட்டது. இடுக்கில் வைத்த மூக்கின் மூச்சு, உள்ளே இழுத்து, வெளியே விட்டு.

"வாண்டு, அசையாத. சித்தி இங்கதான் இருக்கேன்."

அப்போது கேட்டது.

ட்ளக்.

அவள் நாக்கு வாய்க்குள் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. அவள் சொடுக்கவில்லை. ஆனால் அது அவள் சொடுக்குதான். அதே அழுத்தம், அதே அளவு, கடைசியில் வரும் அந்தச் சின்ன ஈரம்கூட அதேதான். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நாயின் மூக்குக்கு நேராக.

நாயின் மூச்சு நின்றது.

"வேண்டாம்டா," என்றாள். "இருடா. இரு."

ட்ளக்.

நகங்கள் தரையில் தட்டின. அவள் முழங்காலை உரசிக்கொண்டு ஒரு சூடான விலா கடந்தது. அவள் பட்டைக்காகத் துழாவினாள், வால்தான் கையில் பட்டு நழுவியது. ஆடிக்கொண்டிருந்த வால். கூடத்தைக் கடந்து வாசற்கதவுப் பக்கம் போய், பாயில் ஒரு சுற்றுச் சுற்றி, தொப்பென்று படுத்தான். எவ்வளவு அழகாகச் செய்தான். அவள் பழக்கிய நாய்களிலேயே இவ்வளவு சுத்தமாக ஒன்றும் செய்ததில்லை.

பிறகு கிறீச்சு. மெதுவாக. தோளால் இடித்தால்தான் திறக்கும் கதவு.

ஊறின துணியின் வாடை நடை முழுக்க வந்தது. கதவு நின்றது. இருட்டுக்குள்ளிருந்து, கதவு இருந்த இடத்திலிருந்து, சந்தோஷமாக ஒரு குரல் கேட்டது. பல் விழுந்த வாயில் வரும் காற்றுகூடச் சரியாக இருந்தது.

"சித்தி, எனக்கு வந்துடுச்சு."

"வாண்டு," என்று மிஸ் ஓர் அடி முன்னால் வைத்தாள். "வாண்டு, அங்க போகாத, இங்க வா."

அவள் துப்பட்டாவைக் கீழிருந்து ஒரு சின்னக் கை இழுத்தது. பின்னாலிருந்து. சூடான கை, பென்சில் மணக்கும் கை. பிள்ளை அவள் இடுப்போடு ஒட்டிக்கொண்டு, அழக்கூடத் தைரியம் இல்லாமல், காற்றாகச் சொன்னாள்.

"நான் பேசல சித்தி."

மிஸ் பிள்ளையை அள்ளினாள். முகத்தைத் தோளில் அமுக்கிக்கொண்டு முதுகைச் சுவரில் ஒட்டினாள். மூச்சு விடவில்லை. பிள்ளையும் விடவில்லை. முன்னால் ஏதோ கடந்தது. காலடி இல்லை. வாடை மட்டும் முகத்துக்கு நேராக வந்து, கொஞ்சம் நின்று, போனது. ஆணியில் மஞ்சள் கோட்டு சரசரத்தது. மேஜையில் ஒரு பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

பிறகு கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, தாழ்ப்பாள் போட்ட வாசற்கதவுக்குப் பக்கத்திலிருந்து.

ட்ளக்.

தப், தப், தப் என்று வால் பாயில் அடித்தது. சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டான். பாய்க்குப் போய்விட்டான். இனி துண்டு வரும்.

மிஸ் இடுப்புப் பையைக் கையால் பொத்திக்கொண்டாள். பை மூடித்தான் இருந்தது. ஒரு துண்டும் எடுக்கவில்லை.

இருட்டில், பாயிலிருந்து, வாட்ச்மேன் எதையோ மெல்லும் சத்தம் கேட்டது.